நான்காவது வரி

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நீ, உன் வீட்டுக்காரி, பாப்பா மூவரும் நலமா? இங்கே நானும் அத்தானும் இருக்கிறோம். குளிர் வந்தால் அவருடைய மூச்சிரைப்பும் கூடவே வந்துவிடுகிறது. நான் பார்த்தால் மாத்திரையை விழுங்குகிறார், பார்க்காவிட்டால் தலையணைக்கடியில் செருகுகிறார். இந்த வயதில் ஒரு மனுஷனைக் குழந்தையை மிரட்டுவது போல மிரட்ட வேண்டியிருக்கிறது.

போன தடவை உன்னிடம் கொடுத்த ஜாக்கெட்டை நீ இன்னும் தொட்டிருக்க மாட்டாய். ஊருக்கெல்லாம் தைப்பாய், கூடப் பிறந்தவளுடையது மட்டும் மூட்டைக்குள் கிடக்கும். ஒருநாள் கடைக்கே வந்து உட்கார்ந்துவிடுவேன், தைத்து முடிக்கிறவரை எழுந்திருக்க மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனி ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றை ஆரம்பித்திருக்கிறது. ஆள் எடுக்கும் அறையில் இப்போது முதல் மேசை என்னுடையது. பன்னிரண்டு பேர் வேண்டும். உன் தையல் கடையில் எந்நேரமும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், நீ சொன்னால் நம்புவார்கள். பன்னிரண்டு தாள் வைத்திருக்கிறேன். பெயர், வயது, ஊர், வேலை என்று ஒவ்வொன்றிலும் நான்கு வரி. நான்காவது வரியை நானே எழுதி அச்சுக்குக் கொடுத்தேன்: "மணல் சலித்தல், செங்கல் சுமத்தல், கலவை கலத்தல். தரைவேலை மட்டும்."

அதை வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். என்ன வேலை என்று தெரியாமல் ஒருத்தரும் லாரி ஏறக் கூடாது.

உன் அக்கா

---

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஜாக்கெட் தைத்தாயிற்று. இரண்டு பக்கமும் உள்ளே கொஞ்சம் துணி விட்டிருக்கிறேன், ஏன் என்று கேட்டுச் சண்டைக்கு வராதே. அத்தானை மாத்திரை விஷயத்தில் விடாதே.

பன்னிரண்டு பேரும் கிடைத்துவிட்டார்கள். ஒவ்வொருத்தனையும் பக்கத்தில் உட்காரவைத்து நான்கு வரியையும் வாசித்தேன். முதல் கையெழுத்து, ரேடியோ என்று நாம் கூப்பிடுகிறவனுடையது. உனக்கு நினைவிருக்குமே, வாய் மூடவே தெரியாதவன், சட்டைக்கு அளவெடுக்கும்போது கூடப் பேசிக்கொண்டே திரும்புவான். நாலு தடவை எடுத்தால்தான் ஒரு அளவு சரியாக வரும்.

அவன் பெண்டாட்டிக்கு ஏழாம் மாதம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்து நின்றாள். "அண்ணே, மேல ஏத்துவாங்களா? இவருக்கு ஏணியில நின்னாலே காலு நடுங்கும்" என்றாள். நான் தாளைக் காட்டி, "தரைவேலை மட்டும்னு எங்க அக்கா எழுதியிருக்கும்மா. நான் சொல்றேன், தைரியமா அனுப்பு" என்றேன். அதற்குப் பிறகுதான் அவன் கையில் பேனாவைக் கொடுக்க விட்டாள்.

வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுது. பிரியமுடன்,

தம்பி

---

பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஆட்கள் சுகமாக வந்து சேர்ந்தார்கள். ரேடியோ வண்டியை விட்டு இறங்கும்போதே டிரைவரோடு மாமன் மச்சான் ஆகிவிட்டிருந்தான். உடனே எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. வேலை கழுத்தை நெரிக்கிறது.

எங்கள் அலுவலகம் கட்டடத்துக்கு எதிரில், சாலைக்கு இந்தப் பக்கம். கட்டடத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் தகரம் அடித்திருக்கிறார்கள். ஆட்கள் உள்ளேயே தங்குகிறார்கள், வேலை முடியும்வரை வெளியே விடுவதில்லை. எங்களுக்கும் உள்ளே போக அனுமதி இல்லை. ஜன்னலில் பார்த்தால் தகரத்துக்கு மேலே மாடிகள்தான் தெரிகின்றன. வாரத்துக்கு ஒரு மாடி ஏறுகிறது, பார்க்கவே ஆச்சரியமாக இருக்கிறது.

இன்னும் பத்துப் பேர் வேண்டும். இந்தத் தடவை தாளில் மூன்று வரிதான் அச்சாகியிருக்கும். நான்காவது வரி காலி. வேலை தினமும் மாறுகிறது, கையெழுத்து மட்டும் வந்தால் போதும், தேவைப்படும்போது இங்கே நிரப்பிக்கொள்ளலாம் என்கிறார் மேனேஜர். எப்படியும் என் பேனாதானே நிரப்பப் போகிறது.

இன்னொன்றும் சொன்னார், எனக்கே விளங்கவில்லை. வீட்டுக்கு அடிக்கடி கடிதம் எழுதுகிற ஆட்கள் வேண்டாமாம். ஆட்களுக்கு வருகிற தபாலும் அவர்கள் அனுப்புகிற தபாலும் இனி என் மேசை வழியாகத்தான் போக வேண்டுமாம். உன் கடிதங்களை வழக்கம்போல வீட்டு விலாசத்துக்கே அனுப்பு.

பாப்பாவுக்கு முத்தம்.

உன் அக்கா

---

மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தாள்கள் கத்தரிக்கோலுக்குக் கீழே அப்படியே இருக்கின்றன.

ஐந்து வாரமாக ரேடியோவிடமிருந்து ஒரு வரி இல்லை. மற்றவர்கள் எழுதாவிட்டால் சோம்பல் என்று விடலாம். இவன் பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் திரும்பி வந்து அரை மணி நேரம் கதை சொல்கிறவன். அவன் பெண்டாட்டி தினமும் வந்து தையல் மெஷின் பக்கத்தில் உட்காருகிறாள். கேட்பதில்லை, சும்மா உட்காருகிறாள். கேட்டாலாவது பதில் சொல்லலாம். மெஷினை மிதிக்கவே கால் வரவில்லை.

கடைக்கு வருகிற கொத்தனாரிடம் வாரத்துக்கு ஒரு மாடி ஏறுவதைச் சொன்னேன். அவர் குடித்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "தளம் போட்டா மூணு வாரமாவது இறுகணும். அதுவரைக்கும் கீழ நட்டிருக்கற முட்டுக்கம்பு தாங்கணும். வாரம் ஒரு மாடின்னா, பச்சைத் தளத்துக்கு அடியில இருந்து முட்டுக்கம்பை உருவி மேல கொண்டு போறாங்க. உருவறவன் தலைக்கு மேல என்ன இருக்கும்னு நினைச்சுப் பாரு" என்றார்.

அக்கா, முட்டு பிரிப்பது யார்? அது எந்தத் தாளில் எழுதியிருக்கிறது?

காலி வரியில் கையெழுத்து வாங்கச் சொல்கிறாய். அளவெடுக்காமல் துணியை வெட்டு என்பது போல இருக்கிறது. வாசித்துக் காட்டாமல் வாங்காதே என்று எழுதியவளும் நீதான். முதலில் ரேடியோவைப் பற்றி எழுது.

தம்பி

---

மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

ரேடியோ நன்றாக இருக்கிறான். வலது கையில் சுளுக்கு, அதனால்தான் எழுத முடியவில்லை. இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். அவன் பெண்டாட்டியைக் கவலைப்படாமல் இருக்கச் சொல், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. கொத்தனாரை அவர் வேலையைப் பார்க்கச் சொல்.

முதல் தாளில் நான் எழுதியதுதான் தப்பாகிவிட்டது என்கிறார் மேனேஜர். யாரோ ஒரு அதிகாரி வந்து, தரைவேலைக்காரனுக்கு மாடியில் என்ன வேலை என்று கேட்டாராம். அதனால்தான் இப்போது வரி காலி. இதற்கு மேல் என்னைக் கேட்காதே.

மாதக் கடைசிக்குள் பத்துப் பேர் வராவிட்டால் என் நாற்காலியில் வேறொருத்தி உட்காருவாள். அத்தான் படுக்கையில் இருக்கிறார். ஜன்னலைத் திறந்து வைத்தும் மூச்சு போதவில்லை அவருக்கு. நான் யாரிடம் போய் நிற்பேன், சொல்? இத்தனை வருஷத்தில் உன்னிடம் ஒன்று கேட்டேனா? இதை எனக்காகச் செய்.

உன் அக்கா

---

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

ரேடியோ இடதுகைக்காரன்.

இந்தக் கடையில், என் பேனாவை இடது கையில் பிடித்துத்தான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டான். வலது கை சுளுக்கினால் அவனால் எழுத முடியாமல் போகாது. நீ எனக்குப் பொய் எழுதிவிட்டாய். கோபம் வந்தது, அப்புறம் பயம் வந்தது. உன்னைப் பொய் எழுதவைக்கிற இடம் எப்படிப்பட்ட இடம்?

தாள்களை எடுத்துப்போய்க் காட்டினேன். வாசித்துக் காட்ட ஒன்றும் இல்லை என்று நானே சொன்னேன். வேண்டாம் என்றும் சொன்னேன். வேலை இல்லாமல் எத்தனை நாள் உட்கார்ந்திருப்போம் என்கிறார்கள். ஒருத்தன்தான் கேட்டான், "அவ்வளவு நல்ல வேலைன்னா நீயும் வாயேன்" என்று. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பத்தாவது கையெழுத்து என்னுடையது.

கடையைப் பூட்டிவிட்டேன். வீட்டுக்காரியும் பாப்பாவும் மாமியார் வீட்டில். உன்னைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அதுவும் பொய்தான், உன்னிடமிருந்து பழகிக்கொண்டேன். உள்ளே போய் ரேடியோவைப் பார்க்க வேண்டும். அவள் முகத்துக்கு நேராக நான் கொடுத்த வாக்கு அது. அவனை அழைத்துக்கொண்டு வந்துவிடுவேன். நான் உன் தம்பி என்று ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன், உன் நாற்காலிக்கு ஒன்றும் ஆகாது.

நாளை மறுநாள் லாரி. ஜாக்கெட்டும் பையில் இருக்கிறது. என் தாள் உன் மேசைக்கு வந்தால் நான்காவது வரியை மட்டும் தொடாதே அக்கா.

தம்பி

---

ஏப்ரல் 5

என் தம்பிக்கு,

உன் கடிதம் கைக்கு வந்தபோது லாரி தகரத்துக்குள் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. தாள்களை மேனேஜர் தன் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். தேவைப்படும்போது ஒவ்வொன்றாகத்தான் என் மேசைக்கு வரும்.

ஓடிப்போய், என் தம்பி உள்ளே இருக்கிறான், வெளியே விடுங்கள் என்று கேட்டிருக்கலாம். விட்டிருப்பார்கள், என்னையும் சேர்த்து வெளியே விட்டிருப்பார்கள். கேட்கலாமா வேண்டாமா என்று எட்டு நாள் யோசித்தேன். எட்டு நாள். தினமும் ஜன்னலில் நின்று, அந்த உயரத்தில் நடமாடுகிறவர்களில் நீ யார் என்று பார்த்தேன். அத்தானிடம் கூடச் சொல்லவில்லை.

நீ ரேடியோவை அங்கே பார்த்திருக்க மாட்டாய். பிப்ரவரி முதல் வாரத்தில் முட்டு பிரிக்க ஏற்றினார்கள், தளம் இறங்கி இடுப்பில் விழுந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், கால்களில் உணர்ச்சி இல்லை. அவன் சும்மா இருக்கவில்லை, தன் பெண்டாட்டிக்கு மூன்று கடிதம் எழுதினான். கம்பெனி ஆள் வாங்கிவந்த மூன்றும் என் டிராயரில் இருக்கின்றன. மற்றவர்களுடையவையும் இருக்கின்றன. பூட்டிச் சாவியைத் தாலிச் சரட்டில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன். உனக்குச் சுளுக்கு என்று எழுதினேன்.

திங்கட்கிழமை ஏழாம் தாள் மேசைக்கு வந்தது. கூடவே ஒரு சீட்டு: "நான்காவது வரி: கூட்டுபவர்." எழுதிக் கொடுத்தேன். மாலையில்தான் ஏன் என்று தெரிந்தது. கூட்டுபவன் ஒருத்தன் போகக் கூடாத இடத்துக்குத் தானாகப் போய்த் தளத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டான் என்று எழுதி முடித்துவிட்டார்கள். நான் எழுதிய வரிதான் அதற்குச் சாட்சி.

இன்று காலை பத்தாம் தாள் வந்தது. அதே சீட்டு, அதே வார்த்தை, அடியில் "அவசரம்" என்று சிவப்பு மை. உயிர் இருக்கிறதா என்று சீட்டில் எழுத மாட்டார்கள். கூடவே ஒரு பையையும் வைத்துவிட்டுப் போனான் காவலாளி. திறந்தேன். மேலே செய்தித்தாளில் சுற்றி என் ஜாக்கெட் இருந்தது. பிரித்துவிட உள்ளே இடம் வைத்துத் தைத்திருக்கிறாய்.

அலுவலகத்தில் அழ முடியாது என்று கழிவறைக்குப் போய் அழுதேன். திரும்பி வந்து இதை எழுதுகிறேன். விலாசம் என்று தகரத்துக்குள் நீ தங்கியிருந்த கொட்டகையைப் போட்டால் நாளைக் காலை இது என் மேசைக்குத்தான் வரும், டிராயருக்குள்தான் போகும். அதனால் தபாலில் போடவில்லை, கையில் கொண்டு வருகிறேன். ரேடியோவின் மூன்று கடிதங்களையும் மற்றவற்றையும் பையில் போட்டுவிட்டேன், வழியில் தபால்பெட்டியில் போடுவேன். அப்புறம், உன்னையும் கொண்டுபோயிருக்கிற அந்தப் பெரிய ஆஸ்பத்திரி. அங்கிருந்து, தரைவேலைக்காரனுக்கு மாடியில் என்ன வேலை என்று கேட்டாரே, அந்த அதிகாரியிடம் உன் தாளைக் கொடுப்பேன்.

நீ கண் திறந்திருந்தால் இதை நானே உனக்கு வாசித்துக் காட்டுவேன். திறக்காவிட்டாலும் வாசிப்பேன்.

நான்காவது வரியைத் தொடாதே என்று சொன்னாய். தொட்டுவிட்டேன், மன்னித்துக்கொள். அச்சுத் தாளில் எழுதுகிற என் நல்ல கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்: "தையல்காரர். முட்டு பிரிக்கத் தெரியாது. பிரிக்கச் சொன்னார்கள்." அதற்குக் கீழே என் பெயரும், உனக்கு நான் என்ன உறவு என்பதும் இருக்கிறது.

உன் அக்கா