வெட்டாத இரண்டரை மீட்டர்

தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்தாலே பாச்சை உருண்டை வாசனை அடிக்கிறது. உன் கத்தரிப்பூ நிறத் துணிதான். போன மாதம் உன் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். "அத்தை, அம்மா பெட்டியில இருந்துச்சு. நீங்களே வெச்சுக்கோங்க" என்றாள். பிரித்துப் பார்த்தேன். மடிப்பெல்லாம் பழுப்பேறி, நடுவில் பூஞ்சணம் பூத்த கறுப்புப் புள்ளிகள். லேசாகத்தான் இழுத்தேன், மடித்த இடத்திலேயே கிழிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. உன்மேல்தான்.

நாம் இருவரும் நாற்பது வயதைத் தாண்டித் தையல் பழக ஆரம்பித்தோம். தீவை விட்டு மெயின்லேண்டுக்கே திரும்பிப் போன ஒரு குடும்பம் விட்டுச்சென்ற பழைய மெஷின், உன் வீட்டு வராந்தாவில் நின்றது. போனில் வீடியோ பார்த்துப் படித்தோம். சனிக்கிழமைகளில் பாம்பூஃப்ளாட் துறையில் ஃபெர்ரி பிடித்து, எதிர்க்கரை சாத்தத்தில் இறங்கி, பஜாருக்குத் துணி வாங்கப் போவோம். நான் கண்ணுக்குப் பிடித்ததை எடுத்துவிடுவேன். அப்படி வாங்கிய சாட்டின் துணி கத்தரிக்கோலுக்கு அடியில் விலாங்கு மீனாக வழுக்கியது. நனைக்காமலே தைத்த காட்டன் சட்டை, முதல் துவையலில் என் பேரனுக்கு ஆகிற அளவுக்குச் சுருங்கிவிட்டது. நீ சிரித்துச் சிரித்து வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

நீ அப்படி வாங்குகிறவள் இல்லை. துணியின் ஓரத்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிச் சுருக்கம் பார்ப்பாய். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நெசவு பார்ப்பாய். ஈரக் கைக்குட்டையால் தேய்த்துச் சாயம் பார்ப்பாய். கடையையே புரட்டிவிட்டு, கடைசியில் ஒரு மீட்டர் காடாத் துணி வாங்குவாய். நாம் தாதா என்று அழைக்கிற வங்காளிக் கடைக்கார அண்ணன் தலையில் கை வைத்துக்கொள்வார்.

ஒரே ஒரு தடவை நீ தடுமாறினாய். மெயின்லேண்டிலிருந்து சரக்குக் கப்பல் மூன்று வாரம் தாமதமாக வந்திருந்த சமயம். தாதா புதுக் கட்டைப் பிரித்ததும் மேலே இருந்தது அந்தக் கத்தரிப்பூ நிற சில்க் காட்டன். நீ கசக்கவும் இல்லை, தேய்க்கவும் இல்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தாய். "எனக்கு ஒரு டாப்ஸ்" என்று சொல்லி இரண்டரை மீட்டர் கிழிக்கச் சொன்னாய். உனக்கென்று நீ கேட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

அன்றைக்கே வெட்டலாம் என்றேன். "கை நல்லாப் பழகட்டும்ட்டி. நல்ல துணியப் பாழாக்கிரக் கூடாது. அடுத்த கப்பல்ல இது வருமா வராதான்னு யாருக்குத் தெரியும்?" என்றாய். வெங்காயத்தையும் அரிசியையும் சேர்த்துவைக்கிற மாதிரி துணியையும் சேர்த்துவைத்தாய். இந்தத் தீவில் எல்லா வீட்டிலும் இந்தப் புத்திதான். எட்டு மாதம் மழை பெய்கிற ஊரில் பெட்டிக்குள் எதுவும் அப்படியே இருக்காது என்பதும் எல்லா வீட்டுக்கும் தெரியும். தெரிந்தேதான் பூட்டி வைக்கிறோம்.

உன் கை என்னவோ பழகியது. என் மருமகளுக்கு நீ தைத்த ரவிக்கையைப் பார்த்துத் தையற்காரரே யார் தைத்தது என்று கேட்டார். "இப்ப வெட்டேன்" என்றேன். "கிறிஸ்துமஸுக்கு" என்றாய். பிறகு ஈஸ்டருக்கு என்றாய். அப்புறம் வயிற்றில் கட்டி என்று மெயின்லேண்டுக்கு ரெஃபர் செய்தார்கள். நீ திரும்பி வந்த விதத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. அடக்கத்துக்கு அவசரத்தில் யாரோ வாங்கிவந்த வெள்ளைச் சேலையை உனக்கு உடுத்தினார்கள். மொடமொடவென்று, உனக்குப் பிடிக்காத துணி. கசக்கிப் பார்த்திருந்தால் நீ அதைத் தொட்டிருக்கவே மாட்டாய்.

அதனால், உன் துணி என் கையில் கிழிந்த மறுநாளே தனியாக ஃபெர்ரி ஏறினேன். தாதா என்னைப் பார்த்ததும் உன் பேரைச் சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டார். பிறகு, "தீதி, நீ இன்னும் கத்துக்கிற ஆளு. சஸ்தா துணி, விலை கம்மியானதா எடுத்துப் பழகு" என்றார்.

"அதெல்லாம் வேண்டாம் தாதா. இருக்கறதுல நல்லதைக் காட்டுங்க."

"வெட்டறது தப்பாச்சுன்னா?"

"தப்பாத்தான் வெட்டுவேன். தப்புக்கும் சேர்த்து அரை மீட்டர் கூடப் போடுங்க."

செம்பருத்திச் சிவப்பில் ஒரு சில்க் காட்டன் எடுத்தேன். நீ பார்க்கிறபடியே கசக்கினேன், வெளிச்சத்தில் பிடித்தேன், ஈரக் கைக்குட்டையால் தேய்த்தேன். வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் முக்கி எடுத்துக் காயப்போட்டேன். காய்ந்த கையோடு தரையில் விரித்து வெட்டினேன். சாக்பீஸ் கோட்டை விட்டுக் கத்தரி விலகியது. விலகினால் என்ன, வெட்டினேன்.

போன ஞாயிறு உன் முதலாண்டு பூசை. எல்லோரும் வெள்ளையிலும் சாம்பல் நிறத்திலும் வந்திருந்தார்கள்; நான் அந்தச் செம்பருத்திச் சிவப்பு டாப்ஸில் போனேன். கோயில் வாசலில் உன் நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன ஸ்டெல்லா, இன்னைக்குப் போயி இந்தக் கலரா? கைப் பக்கத் தையலும் கோணலால்லா இருக்கு."

"ஆமா மைனி, கோணல்தான். ஆனா போட்டிருக்கேன்ல."

அவர் உள்ளே போய்விட்டார். உன் மகள் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

உன்மேல் உள்ள கோபத்தை நான் விடுவதாக இல்லை. உன் உடம்பளவும் எனக்கு மனப்பாடம்: தோள் பதினாலு, மார்பு முப்பத்தாறு, உயரம் நாற்பது. கப்பல் வந்ததும் அந்த அளவுக்கு ஒரு டாப்ஸ் வெட்டப் போகிறேன். யார் போடுவார்கள் என்று என்னிடம் கேட்காதே.