பனிக்கட்டிக்குள்ள இருந்த காத்து

அப்பா,

போனை எடுக்க மாட்டேங்கிய, அதான் எழுதுதேன். காலேஜுல குடுக்கச் சொல்லி நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்புன மன்னிப்புக் கடிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

கிளாஸ்ல சார் என்ன சொன்னாரு தெரியுமா? "பனியுகத்துலயே கார்பன் கூடிக் குறைஞ்சிருக்கு, இப்பமும் அப்படித்தான். உக்காருட்டி!"

கூடிக் குறைஞ்சது நெசந்தான். எட்டு லட்சம் வருசமா பனிக்கட்டிக்குள்ள அடைபட்ட காத்தை அளந்திருக்காங்க. பத்து லட்சம் பங்கு காத்துல கார்பன் நூத்தி எழுபதுக்கும் முந்நூறுக்கும் நடுவுலதான் ஆடியிருக்கு. இப்பம் நானூத்தி இருபதுக்கு மேல. கிளாஸ்ல எந்திரிச்சு இதைச் சொன்னதுதான் நான் செஞ்ச தப்பு; மன்னிப்புக் கேக்கலைன்னா காலேஜுக்குள்ள விட மாட்டாங்களாம்.

இங்கன சங்கரன்கோவில்ல ஒரு செல்போன் கடையில சேந்துட்டேன். திங்கக்கிழமை காலேஜுக்குப் போறேன், டிசி வாங்க. நீங்களும் வாங்க. ஆனா அன்னைக்கு உங்களைக் கூப்பிட்டு விட்டப்ப நின்ன மாதிரி அந்த சார் முன்னால கையைக் கட்டிக்கிட்டு நிக்காதிய.

இப்படிக்கு,
உங்க வாயாடி மக