வெள்ளையில் நட

கல்கார்னா, விக்டோரியா
செப்டம்பர் 17, 1972

லின் கண்ணு,

அன்று ரயிலடியில் யார் யார் நின்றோம் என்று நீ மறந்தாலும் நான் மறக்க மாட்டேன். உன் அப்பா லெஸ், தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு. உன் அம்மா பெவர்லி, அழுதுவிடக் கூடாது என்று வாய் நிறைய மிட்டாயை அடக்கிக்கொண்டு. உன்னோடு லண்டன் கிளம்பிய சிநேகிதி பாம், அவளால் தூக்க முடியாத இரண்டு பெட்டிகளோடு. நான். அப்புறம் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், நம்மைப் பார்க்காதவன் போலக் க்ளைவ் ஹார்கஸ்.

அவன் எதற்கு வந்தான் என்று ரயில் நகர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அவன் மகன் வேய்ன் உன் ரயில் பெட்டியிலேயே ஏறினான். உன் பையைத் தூக்கி மேலே வைத்தான். நீ சிரித்தாய்.

"பாமும் நானும் மட்டும்தான் பாட்டி, வேற யாரும் இல்ல" என்று என் அடுப்படியில் உட்கார்ந்து, என் ரொட்டியைத் தின்றுகொண்டே சொன்னாயே, அது நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. அன்றைக்கு நீ மஞ்சள் சட்டை போட்டிருந்தாய்.

இந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் கடல் கடந்துவிட்டார்கள். பியர் ஊற்றவும் தட்டுக் கழுவவும் உலகத்தின் அந்தக் கோடிக்குப் போக வேண்டுமாம். போகட்டும், இளசுகள். ஆனால் ஹார்கஸ் வீட்டுப் பையனோடு போக வேண்டாம். உன் சித்தப்பா மெர்வின் நீ பிறக்கும் முன்பே எப்படிப் போனான் என்று உனக்குத் தெரியும். யார் நின்று வேடிக்கை பார்த்தது என்றும் தெரியும்.

கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். பதில் போடு.

உன் பாட்டி
ஐவி ட்ரெலோர்

லண்டன்
அக்டோபர் 22, 1972

அன்புள்ள பாட்டி,

பொய் சொன்னது தப்புதான். உண்மையைச் சொல்லியிருந்தால் நீங்கள் ரயிலின் முன்னால் படுத்திருப்பீர்கள்.

இங்கே ஒரு மதுக்கடையில் வேலை. வேலை செய்கிறவர்கள் எல்லாரும் நம் நாட்டார், குடிக்கிறவர்களிலும் பாதிப் பேர் நம் நாட்டார். இத்தனை தூரம் வந்து நம் பக்கத்துப் பல்லராட் ஊர்க்காரனுக்கே பியர் ஊற்றுகிறேன். ஊர் திரும்பும் பிள்ளைகள் தெருவோரத்தில் நிறுத்தி விற்கிற வேன்களில் ஒன்றை நாங்களும் வாங்கிவிட்டோம். பச்சை நிறம். மழை உள்ளேயும் பெய்கிறது. பாம் ஒரு ஸ்காட்லாந்துக்காரனிடம் மயங்கிப்போய் வர மாட்டேன் என்கிறாள். அதனால் வேய்னும் நானும் மட்டும் கிளம்புகிறோம். ஆஸ்திரியாவில் ஒரு மலைக் கிராமத்து விடுதியில் குளிர்காலம் முழுக்க ஆள் வேண்டுமாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் பாட்டி. வேய்ன் அதிகம் பேச மாட்டான். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை.

உங்கள் லின்

கல்கார்னா
நவம்பர் 5, 1972

லின்,

தப்பாகச் சொல்ல அவனுக்கு என்ன இருக்கிறது? சொல்ல வேண்டியவள் நான்.

வேன் ஓட்டும்போது சாலையின் மறுபக்கத்தில் ஓட்ட வேண்டுமாமே. லெஸ் சொன்னான். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாட்டி

ஆஸ்திரியா
டிசம்பர் 3, 1972

அன்புள்ள பாட்டி,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டோம். விடுதிக்காரர் கோஃப்லர், அவர் மனைவி, நாங்கள் இருவர். நான் படுக்கை விரித்து, பாத்திரம் கழுவி, பன்றிக் கறி பரிமாறுகிறேன். வேய்ன் விறகு பிளக்கிறான், பனி அள்ளுகிறான்.

இதோடு இருக்கும் படத்தைப் பாருங்கள். வாசலில் நின்றால் இதுதான் தெரியும். நம் உப்பு ஏரி மாதிரியே இல்லை? அதே வெள்ளை, அதே தட்டை. இது தண்ணீர் உறைந்து ஆனது. ரொட்டிக் கடை அக்கரையில் இருக்கிறது. கிராமத்தார் எல்லாரும் இதன் மேல் நடந்துதான் போகிறார்கள். இன்னும் சில நாளில் நானும் சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு ரொட்டி வாங்கப் போக வேண்டும்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். எனக்காகப் புட்டிங்கில் ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொள்ளுங்கள்.

லின்

கல்கார்னா
டிசம்பர் 12, 1972

லின் கண்ணு,

படம் வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை, உட்கார்ந்துவிட்டேன். பெவர்லி வெயிலால் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். வெயில் இல்லை.

உன்னைத் தொலைபேசியில் பிடிக்கப் பார்த்தேன். தபாலாபீஸ் பெண் பாதி நாள் முயன்று இணைப்புக் கொடுத்தாள். யாரோ ஒரு பெண்மணி அவள் பாஷையில் கத்தினாள், நான் என் பாஷையில் கத்தினேன். "லின்! ஏரி! வேண்டாம்!" என்றேன். அவள் அன்பாக ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மெர்வினைப் பற்றி நீ இதுவரை கேட்டது அரைகுறைக் கதை. முழுதாகச் சொல்கிறேன், கேள். உப்பு வாரும் பருவம். மெர்வின் லாரியை ஏரிக்குள் ஓட்டிக்கொண்டு போனான். க்ளைவ் லாரியின் பின்தட்டில் நின்றுகொண்டு முன்கூரையைத் தட்டினான். "சுத்திப் போகாதடா, நேரா விடு, நான் பாத்துக்கறேன்" என்று அவன் சொன்னதைக் கரையில் நின்ற நான் என் காதால் கேட்டேன். நேராகப் போன இடத்தில் உப்புப் பொருக்கு கறுத்திருந்தது. கீழே ஊற்று. பொருக்கு உடைந்தது. லாரி மூக்கு குப்புறச் சேற்றில் இறங்கியது. க்ளைவ் குதித்து ஓடி வந்துவிட்டான். மெர்வின் உள்ளே. க்ளைவின் கையில் கயிறு இருந்தது, லின். கயிற்றோடு நின்றான். நான் ஓடினேன், என்னை மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். அவனை யாரும் பிடிக்கவில்லை. அவன் சும்மாவே நின்றான். மெர்வின் "அம்மா" என்று கூப்பிடவில்லை. "க்ளைவ்" என்றுதான் கூப்பிட்டான்.

அந்த ஏரி மேல் போகாதே. ரொட்டி இல்லாவிட்டால் பட்டினி கிட. போயே தீர வேண்டும் என்றால், நடக்கப் பழகியபோது உனக்கு நான் சொன்னதை நினைத்துக்கொள். வெள்ளையில் நட. எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு கெட்டி. கறுத்த இடத்தில் கால் வைக்காதே. அந்த ஹார்கஸ் பையன் எந்தப் பக்கம் கை காட்டுகிறானோ அதற்கு எதிர்ப்பக்கம் போ.

உடனே பதில் போடு. ஒரு வரி போதும்.

பாட்டி

கல்கார்னா
ஜனவரி 4, 1973

லின்,

பதில் இல்லை. தபால்காரன் வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போகிறேன். அவன் இப்போது தூரத்திலேயே தலையை ஆட்டிவிடுகிறான், நான் நடக்க வேண்டாம் என்று. நல்ல பையன். அவன் தலையைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

கிறிஸ்துமஸ் அன்று எல்லாரும் சாப்பிட்டார்கள். உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. லெஸ் "கிறிஸ்துமஸ் நேரம்மா, தபால் தாமதமாகும்" என்கிறான். அவன் கண் வேறு எதையோ சொல்கிறது.

நேற்று க்ளைவ் ஹார்கஸ் கடையில் என் எதிரே வந்தான். "மிஸஸ் ட்ரெலோர், உங்களுக்கு ஏதாவது..." என்று ஆரம்பித்தான். அவனுக்கும் பையனிடமிருந்து கடிதம் வரவில்லை போலிருக்கிறது. வாங்கிய மாவைக் கல்லாவிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எழுது கண்ணு. திட்ட மாட்டேன்.

பாட்டி

ஆஸ்திரியா
ஜனவரி 2, 1973

அன்புள்ள பாட்டி,

கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். விரல்கள் இன்னும் வீங்கித்தான் இருக்கின்றன. நான் உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று வேய்ன் சொன்னான்.

உங்கள் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்தது. அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள் ரொட்டிக்குப் போக வேண்டியிருந்தது. ஏரியின் மேல் வழிநெடுகப் பைன் கிளைகளை நட்டு வைத்திருக்கிறார்கள், அந்தக் கோட்டிலேயே போக வேண்டும் என்று. ஆனால் அந்தக் கோடு முழுக்கக் கறுப்பு, பாட்டி. கண்ணாடி போலக் கறுப்பு. கீழே தண்ணீர் இருட்டாகத் தெரிகிறது. என் கால் எழவில்லை.

வேய்ன் பின்னால் வந்துகொண்டிருந்தான். "லின், கிளையை விட்டு விலகாத. இங்க கறுப்புதான் கெட்டி. வெள்ளையா இருக்கறது பனி கலந்து பொறுபொறுன்னு இருக்கும். கோஃப்லர் சொன்னாரு" என்றான்.

"எங்க பாட்டி வேற மாதிரி சொல்லியிருக்காங்க."

"உங்க பாட்டி இந்த ஏரியப் பாத்ததே இல்லடி!"

"உங்கப்பா ஒரு ஏரியில வழி காட்டுனாரே, அது எனக்குத் தெரியும்" என்றேன். அவன் முகத்தில் அறைந்தது போல நின்றுவிட்டான். நான் கிளைகளை விட்டு விலகி, ஓடை வந்து சேரும் மூலைப் பக்கம், நம் ஊர் உப்பைப் போல வெள்ளை வெளேரென்று இருந்த இடத்துக்குப் போனேன். அங்கேதான் எனக்குப் பயம் விட்டது. நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடியவில்லை, கால் கீழே போய்விட்டது.

குளிர் என்று அதைச் சொல்ல முடியாது. நெஞ்சை யாரோ இடுக்கியால் பிடித்த மாதிரி. கத்த வரவில்லை. விளிம்பைப் பிடித்தால் விளிம்பு உடைகிறது. பிடிக்கப் பிடிக்க உடைகிறது. மெர்வின் சித்தப்பா யாரைக் கூப்பிட்டார் என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே. நானும் அந்த வீட்டுப் பெயரைத்தான் கூப்பிட்டேன்.

அவன் ஓடி வரவில்லை பாட்டி. ஓடி வந்திருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம். தூரத்திலேயே குப்புறப் படுத்தான். பல்லி மாதிரி ஊர்ந்து வந்தான். வரும்போதே பேசிக்கொண்டு வந்தான். "கையப் பரப்பு. மேல ஏறப் பாக்காத. கால நீட்டி உதை, நீந்தற மாதிரி உதை. என்னப் பாரு. என்னயே பாரு." இடுப்பில் சுற்றியிருந்த கயிற்றை எறிந்தான். முதல் எறியிலேயே என் கையில் விழுந்தது. பனி உடைய உடைய, படுத்தபடியே பின்னால் ஊர்ந்து இழுத்தான். வெளியே வந்ததும் என்னை எழுந்திருக்க விடவில்லை. "உருளு" என்றான். கறுப்பு வரை உருண்டோம்.

அடுப்புப் பக்கத்தில் போர்வைக்குள் இருந்தபோது கேட்டேன், "இதையெல்லாம் எங்கடா கத்துக்கிட்ட? கயிறு எதுக்கு இடுப்புல?" என்று. அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னான். ஆறு வயதிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் அவன் அப்பா அவனை உப்பு ஏரிக்குக் கூட்டிப்போவாராம். அந்த ஊற்று இருக்கும் இடத்துக்கே. குப்புறப் படுக்க வைப்பாராம், கயிறு எறியச் சொல்வாராம், கை தோல் உரியும்வரை. "யாராவது உள்ள போனா நிக்கக் கூடாதுடா. நின்னா அப்புறம் ஆயுசு பூரா அங்கயேதான் நிப்ப" என்பாராம். ஏன் என்று ஒருநாளும் சொன்னதில்லையாம். ஊரார் சொல்லித்தான் இவனுக்குத் தெரியுமாம்.

பாட்டி, உங்கள் கடிதம் நனைந்துவிட்டது. காய வைத்திருக்கிறேன். ஒரு எழுத்தும் மிஞ்சவில்லை.

லின்

கல்கார்னா
ஜனவரி 14, 1973

லின் கண்ணு,

உன் கடிதத்தைப் பெவர்லி வாசித்தாள். நான் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். அப்புறம் வாங்கி நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

வெள்ளையில் நட என்று எந்த மேசையில் வைத்து எழுதினேனோ அந்த மேசையில் இப்போது நான் சாப்பிடுவதில்லை. நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். அதைப் பற்றி இதற்கு மேல் கேட்காதே.

மறுநாள் காலை ஒரு கேக் சுட்டேன். வெயிலில் நடந்தே ஹார்கஸ் வீட்டுக்குப் போனேன். மெர்வின் போனபிறகு அந்தக் கேட்டை நான் தொட்டதில்லை. க்ளைவ் வேலி கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே போட்டான், முகம் சுண்ணாம்பாகிவிட்டது. மகன் செத்த செய்தி கொண்டுவருகிறேன் என்று நினைத்துவிட்டான். பாவம் என்று தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

"உன் பையன் நல்லா இருக்கான். என் பேத்தியத் தண்ணியிலேருந்து இழுத்துப் போட்டான். படுத்துக்கிட்டு இழுத்தான்" என்றேன்.

அவன் வேலியைப் பிடித்துக்கொண்டான். "கயிறு?" என்றான்.

"மொத எறியிலயே விழுந்துச்சாம்."

அந்த ஆள் அழுததைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. கேக்கைத் தூண் மேல் வைத்தேன். "வருஷா வருஷம் அந்த ஏரிக்கே புள்ளயக் கூட்டிப் போயிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?" என்று கேட்டேன்.

"மூணு தடவ வந்தேன் மிஸஸ் ட்ரெலோர். நீங்க கதவத் திறக்கல. மூணாவது தடவ நாய அவுத்து விட்டீங்க."

"கதவு திறக்காட்டி என்ன? எங்க வீட்ல சன்னல் இல்லியா?"

நான் திரும்பிவிட்டேன். பின்னாலேயே வந்து, வெயிலாக இருக்கிறது, வண்டியில் விடுகிறேன் என்றான். நடந்தே வந்தேன். கொஞ்ச தூரம் அவனும் எட்டி நடந்து வந்தான். வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

வேய்னிடம் சொல். ஊர் திரும்பினால் நம் வீட்டுக்குச் சொந்தக்காரன் போலப் பின்வாசல் வழியாக வரட்டும். முன்வாசல் பாதிரியாருக்கும் பூச்சி மருந்து விற்கிறவனுக்கும். ஆட்டுக் கறி சுட்டு வைக்கிறேன். உன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி மெர்வினுடையது. அதில் உட்காரட்டும்.

நீ இனிமேல் அந்த ஏரியில் எங்கே நடக்க வேண்டும் என்று அவனைக் கேள். என்னைக் கேட்காதே.

உன் பாட்டி
ஐவி ட்ரெலோர்

எழுத விட்டுப்போனது: நான் கிழவியாகிவிட்டேன், எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. க்ளைவ் அன்று கயிற்றோடு நின்றதற்காக இல்லை, அது போகட்டும். பயந்தவன் நிற்பான், எனக்கு இப்போது பயம் என்றால் என்னவென்று தெரியும். ஆனால் அந்த ஏரியில் இத்தனை கோடை அவன் செய்ததை ஒரே ஒருமுறை என் காதில் போட்டிருந்தால், நான் உனக்கு வேறு கடிதம் எழுதியிருப்பேன். நீயும் அந்தப் பையன் சொன்னதைக் கேட்டிருப்பாய். வாயை மூடிக்கொண்டு இருந்தானே, அதை மட்டும் நான் மன்னிக்கப் போவதில்லை. கேக்கைத் தின்னட்டும், தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை டீக்குக்கூட வரட்டும். மன்னிப்பு மட்டும் கிடையாது அவனுக்கு, க்ளைவ் ஹார்கஸுக்கு.