ஜப்பான் பெட்டி

17-4-1983, ஞாயிறு இரவு

பி.எஸ்சி. செய்முறை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதை எழுதுவது தப்புதான். வேறு எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை.

அண்ணனின் கிட்டாருக்கு நான் செய்து கொடுத்த பெட்டி அது. காலால் அழுத்தினால் கிட்டார் கரகரவென்று உறுமும். மூன்று டிரான்சிஸ்டர் மாற்றி, விரலைச் சுட்டுக்கொண்டு அந்த உறுமலைக் கொண்டுவந்தேன். மூடியில் நான் எழுதியிருந்த என் பெயரை அவன் பிளேடால் சுரண்டிவிட்டான். ஒரு வருடமாகக் கேட்பவர்களிடமெல்லாம், "ஜப்பான்ல இருந்து வந்ததுங்க" என்கிறான். நானும் சும்மா இருந்தேன்.

இன்று சூரமங்கலத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் கச்சேரி. பாட்டின் நடுவே பெட்டி செத்துப்போனது. உடனே அண்ணன் மைக்கைப் பிடித்து, "மன்னிச்சுக்கங்க, எங்க தங்கச்சி செஞ்சதுங்க இது" என்றான். மண்டபமே சிரித்தது. "அம்மிணிய இட்லிச் சட்டியோட நிறுத்துங்க சாமி" என்று ஒருவர் கத்தினார். முன்வரிசையில் அப்பாவும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை, பேட்டரிதான் காலி. வாசித்து முடித்ததும் பெட்டியிலிருந்து கிட்டார் ஒயரைப் பிடுங்கு, இல்லாவிட்டால் பேட்டரி தீர்ந்துவிடும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். நேற்று ஒத்திகைக்குச் செருகியதை அவன் பிடுங்கவே இல்லை. அதைச் சொன்னால், "தமாசுக்குச் சொன்னேன் அம்மிணி, உட்று. பொதங்கெழம கச்சேரி இருக்குது, சரி பண்ணி வெய்யி" என்று படுத்துவிட்டான்.

புது பேட்டரி போட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்கு வாய் வராது.

அண்ணா, புதன்கிழமை அது நன்றாக உறுமும்போதும் மைக்கைப் பிடித்து, உன் தங்கச்சி செய்தது என்று சொல்.