பைரோவா, மெட்டாலா

அக்கா,

நேற்று உங்கள் தகரப் பெட்டியைத் திறந்தேன். நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. சேலைகளைப் பங்கிட்டுக் கொடுக்கவேண்டும் என்று நாத்தனார் இரண்டு தடவை ஆள் விட்டுவிட்டாள். எல்லாவற்றுக்கும் அடியில், உங்கள் மகள் வள்ளியின் பச்சைப் பாவாடைக்குக் கீழே, நான்காக மடித்த அச்சுத் தாள் ஒன்று கிடந்தது. படம் கழுவும் மெட்டால் மருந்து டப்பாவோடு வந்த இங்கிலீஷ் தாள். அதில் ஓர் எழுத்துக்கூட உங்களுக்குத் தெரியாது. இருந்தும் அந்துருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்.

அந்தத் தாளின் நான்காவது வரியை ஒரு நாள் நான் உங்களுக்குத் தப்பாகப் படித்துச் சொன்னேன். தெரியாமல் அல்ல, தெரிந்தேதான். அதைச் சொல்லத்தான் இந்த மடல். நான் உயிரோடு இருந்தபோது வாயைத் திறக்காதவள் இப்போது எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். கேளுங்கள். கேட்க வேண்டியதுதான்.

உங்கள் வீட்டுக்காரர் கடைசியாகப் பினாங்குக்குப் புறப்பட்டபோது நீங்கள் ஐந்து மாதம். மடக்குக் கேமராவை உங்கள் கையில் கொடுத்து, "புள்ள பொறந்ததும் படம் எடுத்து அனுப்பு. நான் வார வரைக்கும் படத்துலயாவது பாத்துக்கிடுறேன்" என்று சொன்னாராம். ஓர்ப்படியாள் என்ற முறைக்கு அதை என்னிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டீர்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. என் வீட்டுக்காரர் புதுக்கோட்டைக் கடையிலிருந்து சனிக்கிழமை வந்தால் கத்தரிக்காய் வாங்கி வருவார்.

முதல் பிலிமைப் புதுக்கோட்டை ஸ்டூடியோ ஒன்றில்தான் கழுவக் கொடுத்தோம். அந்த மனுஷன் கைக்குழந்தையோடு நீங்கள் நிற்கும் படத்தை அழகாக இருக்கிறதென்று வாசல் கண்ணாடிப் பெட்டியில் ஒட்டிவிட்டான். சந்தைக்குப் போனவர்கள் வந்து சொல்ல, மாமியார் ஆடிய ஆட்டம் நினைவிருக்கிறதா? "நம்ம வீட்டுப் பொம்பள கடைவீதியில நிக்கிறா, வாரவன் போறவனெல்லாம் பாக்குறான்!" கேமராவைக் கிணற்றில் போடச் சொன்னார். நீங்கள் போடவில்லை. கழுவுகிற வேலையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டீர்கள்.

ஜன்னல் இல்லாத சாமான் அறை, வாசலில் கம்பளி, சிவப்புத் தாள் ஒட்டிய அரிக்கேன் விளக்கு, மூன்று பீங்கான் தட்டு, ஊருணித் தண்ணீர் ஒரு குடம். திருச்சியில் கான்வென்டில் எட்டாவது வரை படித்ததால் தாளைப் படிப்பது நான். கரைப்பது, ஆட்டுவது, போதும் என்று நிறுத்துவது நீங்கள். கடிகாரம் பார்த்து நான் "இன்னும் ரெண்டு நிமிஷம்க்கா" என்றால், "படம் வந்துருச்சும்மா, கடியாரத்துக்கு என்ன தெரியும்" என்று எடுத்துவிடுவீர்கள். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை நீங்கள்தான் சரி.

நாம் சண்டை போட்டதெல்லாம் எந்த மருந்தில் கழுவுவது, பைரோவா மெட்டாலா என்பதற்குத்தான். பைரோவில் பிலிம் கெட்டியாக, அழுத்தமாக வரும். ஆனால் விரலெல்லாம் பழுப்பேறும். நகக்கண்ணில் ஏறினால் பத்து நாளைக்குப் போகாது. புளியும் எடுபடாது, சாம்பலும் எடுபடாது. மெட்டால் கையைக் கறுக்கவைக்காது. நான் மெட்டால் கட்சி. நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்வீர்கள்: "கை கறுத்தா இன்னைக்கில்லாட்டி நாளைக்கு வெளுக்கும். படம் வெளுத்துப்போனா என்னத்தப் போட்டுக் கறுக்கிறது?"

பிறகு யுத்தம் வந்தது. மலாயா விழுந்தது. கடுதாசி நின்றது. பிலிமும் மருந்தும் கடையில் கண்ணில் காணக் கிடைக்கவில்லை. வள்ளியின் குழந்தைப் படங்களைப் பிலிமோடு சேர்த்துப் பினாங்குக்கே அனுப்பியிருந்தீர்கள், அங்கே பெரிதாக்கிக்கொள்ளட்டும் என்று. அவை போய்ச் சேரவேயில்லை. இருந்தது கேமராவுக்குள் கிடந்த ஒரே சுருள். அதன் எட்டுப் படத்தில் ஏழாவதுதான் வள்ளி.

இரண்டரை வயது அவளுக்கு. முற்றத்து வெயிலில் நிறுத்தினோம். நான் கிலுகிலுப்பையை ஆட்டினேன், நீங்கள் எடுத்தீர்கள். கல் காலைச் சுட்டுவிட்டது. உதடு பிதுங்கி, அழுகைக்கு ஒரு நொடி முன்னால் அவள் முகம் எப்படிக் கோணும், அந்தக் கோணலோடு படத்தில் விழுந்தாள். "சிரிக்கிறப்ப இன்னொண்ணு எடுப்போம்" என்று எட்டாவதை மிச்சம் வைத்தீர்கள். எட்டும் முடியாமல் கழுவக்கூடாது என்பது உங்கள் சிக்கனம். ஆடி பிறந்ததும் காய்ச்சல் வந்தது. ஆறு நாள். திருமயத்திலிருந்து டாக்டரைக் கூட்டிவந்த வண்டி வாசலில் நிற்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது.

நாற்பது நாள் நீங்கள் அந்தக் கேமராவைத் தொடவில்லை. ஒரு நாள் காலை பத்து மணிக்கு என் அறை வாசலில் வந்து நின்றீர்கள். "இன்னைக்குக் கழுவிருவோம்மா. அவுக வந்து கேட்டா காட்ட வேற என்ன இருக்கு?"

அதற்கு அடுத்த மூன்றாம் நாள் என் தம்பி கல்யாணம். நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியவள் நான். ஊர் முழுக்க என் கையைத்தான் பார்க்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை இப்போது எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

"பைரோவையே கரைப்போம். நமக்குப் பழகுனது" என்றீர்கள்.

"மெட்டால்லதான் முகம் பளிச்சுன்னு வரும்க்கா" என்றேன்.

மிச்சமிருந்த மெட்டால் டப்பாவைத் திறந்து விளக்கில் சாய்த்துப் பார்த்தீர்கள். "வெள்ளையாவுல்ல இருக்கும்? இது என்னம்மா, கருப்பட்டித் தூள் மாதிரி இருக்கு. தாள்ல என்ன போட்டிருக்கு பாரு."

பார்த்தேன். நான்காவது வரி. பொடி பழுப்பாகிவிட்டால் வீரியம் போய்விட்டது, எறிந்துவிடவும் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நிமிர்ந்து, "நெறம் மாறுனாலும் ஒண்ணும் தோஷமில்லன்னு போட்டிருக்குக்கா" என்றேன்.

"நீ சொன்னாச் சரித்தான்."

அக்கா, விரல் கறுக்கும் என்று பயமாக இருக்கிறது என நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "நீ தள்ளி நில்லு, நான் கைய விடுறேன்" என்று முழங்கை வரை விட்டிருப்பீர்கள். அந்த ஒரு வார்த்தைக்கு வெட்கப்பட்டுப் பொய் சொன்னேன்.

பிலிமின் இரண்டு முனையையும் பிடித்துத் தட்டில் ஏற்றி இறக்கினீர்கள். பத்து நிமிஷம். பதினைந்து. "வந்துட்டாளா?" என்று கேட்டீர்கள், உங்களுக்குக் கண் தெரியாததுபோல. "வாரா, வாரா" என்றேன். அரை மணி ஆகியும் ஆவி படிந்த கண்ணாடிபோலத்தான் இருந்தது. படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போவில் போட்டபின் அதிலும் பாதி போனது. காய்ந்ததும் தாளில் அச்சுப் போட்டுப் பார்த்தோம். கறுப்புத்தான் வந்தது, வள்ளி வரவில்லை. நான் விம்மி அழுதேன். நீங்கள் என் தலையைத் தடவி, "பிலிமு பழசு. வெயில்ல கெடந்தது. நீ என்னம்மா பண்ணுவ?" என்றீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த நீங்கள் என்னைத் தேற்றினீர்கள்.

கல்யாணத்தில் முடிச்சுப் போட்டேன். கை சுத்தமாகத்தான் இருந்தது. ஒருத்தர் கண்ணும் அதன்மேல் படவில்லை; எல்லோரும் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் ஊரிலிருந்து திரும்பியபோது நீங்கள் வேறு ஒன்று கண்டுபிடித்து வைத்திருந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் விட்டுப்போன கறுப்புக் குடையின் துணிமேல் அந்தப் பிலிமை வைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி சாய்த்தால், லேசாகப் படம் படிந்த இடமெல்லாம் வெள்ளையாக மாறி, வள்ளி அச்சுப் படத்தில்போல நேராகத் தெரிந்தாள். நெற்றி, மூக்கு, இரண்டு கை. இம்மி அசைந்தாலும் போய்விடுவாள். அச்சுக்கு ஆகாத அளவு பிலிம் மெலிந்ததால்தான் அப்படித் தெரிகிறது என்று பின்னால் ஒரு புத்தகத்தில் படித்தேன். அதை உங்களிடம் சொன்னால் ஏன் மெலிந்தது என்ற பேச்சு வருமே என்று அதையும் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்து அவர் வந்து இறங்கினார், ஆளில் பாதியாக, கண் பார்வை மங்கி. மூத்தாருக்கு எதிரே நின்று பேசும் வழக்கம் நம் வீட்டில் இல்லையே, நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் முற்றத்தில் அவர் மடியில் குடைத்துணியை விரித்து, பிலிமை வைத்து, அவர் கையைப் பிடித்துச் சாய்த்தீர்கள். வெகுநேரம் பார்த்தார். "கை தெரியுது. மொகம் சரியாத் தெரியலயே. சிரிக்கிறாளா?" என்றார்.

"சிரிக்கிறா" என்றீர்கள்.

குரல் நடுங்கவேயில்லை, அக்கா. கதவுக்குப் பின்னால் நான்தான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். என் பொய்யால் அவள் முகம் போனது. உங்கள் பொய்யால் அவருக்கு ஒரு முகம் கிடைத்தது. அன்று சாயங்காலமே காலில் விழுந்து சொல்லியிருக்க வேண்டும். காமாலையில் நீங்கள் படுத்திருந்த பத்து நாளும் ஒவ்வொரு நாளும் சொல்ல வந்து, கஞ்சி கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

சமஸ்தானம் போய்த் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்துவிட்டது. கடைகளில் பிலிம் தாராளமாகக் கிடைக்கிறது. என் பெண் மருந்து வாங்கித் தரச் சொல்லி நச்சரிக்கிறாள். நான் பைரோதான் வாங்குவேன். காரணம் கேட்டால் பெரியம்மா சொன்னது என்பேன்.

இன்று காலை வீட்டில் வேறு யாரும் இல்லை. மூத்தார் முற்றத்து வெயிலில் பிலிமை மடியில் வைத்து இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு ஒன்றுமே தெரிவதில்லை என்று நினைக்கிறேன். பழக்கத்தில் யாரிடம் என்றில்லாமல், "சிரிக்கிறாளா?" என்று கேட்டார். பதில் சொல்ல நீங்கள் இல்லை. கேட்ட முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கதவைத் தாண்டிப் போனேன். அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்து, வெளிச்சம் படும்படி பிலிமைச் சாய்த்தேன்.

"சிரிக்கிறா" என்றேன்.