விமலனுக்கு இடப்பக்கத்து நாற்காலி

செப்டம்பர் 6, சனி

மறுபடியும் தோற்றேன். விமலனிடம்தான், வேறு யாரிடம்? என் வீட்டுக்காரர் வாசுவின் தம்பி, பத்தாங் பெர்ஜுந்தாயில் லோரி ஓட்டுகிறவன். போக்கர் மேசையிலும் லோரிதான் ஓட்டுகிறான். கையில் என்ன குப்பை வந்தாலும் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போகிறான். எங்கள் ஆட்டத்தில் காசு கிடையாது, வறுத்த கச்சான் கடலைதான். நான் பயந்து சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவேன். அவன் என் கச்சானை வாரி, அதில் நாலைத் தின்றும் விடுவான்.

ஆட்டம் முடிந்து தீபாவளிப் பேச்சு வந்தது. வழக்கம்போல விமலன் வீட்டில்தானே என்றார் என் நாத்தனார் நாகமணி அக்கா. இல்லை, உலு யாம், எங்கள் அம்மா வீடு என்றேன். அப்பா தவறியதால் போன வருஷம் அங்கே தீபாவளி இல்லை. இந்த வருஷம்தான் அம்மா விளக்கேற்றலாம். நானும் வாசுவும் மட்டும் போனால் அடுப்பையே பற்றவைக்க மாட்டார். வீடு கொள்ளாத கூட்டம் வேண்டும்.

"சீட்டுல என்னைய ஜெயிங்கண்ணி, எல்லாரும் அங்கயே வரோம்லா," என்றான் விமலன்.

சரி என்று சொல்லித் தொலைத்தேன். அக்டோபர் 11, தீபாவளிக்கு முன் கடைசி ஆட்டம், அன்று அவனை ஜெயிக்க வேண்டும். இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

செப்டம்பர் 13

அவனைப் போலவே ஆடிப் பார்த்தேன். கையில் ஒன்றுமில்லாமல் கெத்தாக ஏற்றினேன். அவன் சீட்டைக் கவிழ்க்கவே இல்லை! பொய்க்குப் பயப்படாதவனிடம் பொய் சொல்லி என்ன பயன்? கச்சான் மொத்தமும் போச்சு.

செப்டம்பர் 14

அம்மாவுக்குப் போன் போட்டேன். "எனக்கு என்னா தீபாவளி? ஒரு மங்கு சோறு போதும்," என்றார். போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது.

செப்டம்பர் 20

புத்தி வந்தது. மோசமான சீட்டை உடனே கவிழ்த்துவிட வேண்டும். நல்ல சீட்டு வந்தால் நான் ஏற்றவே கூடாது. அவனே ஏற்றட்டும், நான் பாவம்போலக் கூடவே போக வேண்டும்.

இன்னொன்று, இடம். அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தால், அவன் என்ன செய்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் என் முறை வரும். அந்த நாற்காலி நாகமணி அக்காவுடையது. ஃபேனுக்கு நேரே இருந்த என் இடத்தைக் கொடுத்து மாறிக்கொண்டேன். அக்கா என்னைத் தங்கமான பொண்ணு என்றார். ரொம்பத் தங்கம்தான்.

அக்டோபர் 4

கொஞ்சம் ஜெயித்தேன். "அண்ணி ஏன் இப்பல்லாம் பேசவே மாட்டேங்கிறாங்க?" என்று விமலன் வாசுவிடம் கேட்டிருக்கிறான். கேட்கட்டும்.

அக்டோபர் 11

கையில் இரண்டு ராஜா. விமலன் ஏற்றினான், நானும் பெருமூச்சோடு அதே அளவு கச்சான் வைத்தேன். மேசையில் விரிக்கும் பொதுச் சீட்டில் மூன்றாவது ராஜா விழுந்தது. ஐயோ, கை துறுதுறுத்தது! ஏற்றிவிடாதே, திலகம், ஏற்றிவிடாதே. கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். அவன் மறுபடி ஏற்றினான். கடைசியில் முழுக் குவியலையும் தள்ளிவிட்டுச் சிரித்தான். நானும் தள்ளினேன்.

அவனிடம் இருந்தது ஒன்பதும் நாலும். ஒரு ஜோடிகூட இல்லை!

நாகமணி அக்கா முதலில் கேட்டது, உலு யாமில் ஆட்டுக்கறி எங்கே நன்றாக இருக்கும் என்று.

அக்டோபர் 20, தீபாவளி

கால் வைக்க இடமில்லை. அம்மா காலையிலிருந்து எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு விமலன் அவருக்குப் போக்கர் சொல்லிக்கொடுத்தான். நான் அவனுக்கு இடப்பக்கம்தான்.

இரண்டாவது ஆட்டத்திலேயே அம்மா கச்சான் முழுவதையும் நடுவில் தள்ளினார். சீட்டு கவிழ்ந்தபடியே கிடந்தது.

"அத்தை, சீட்டையாச்சும் பாருங்க," என்றான் விமலன்.

"பாத்தாத்தானே பயம் வரும்."

எந்தக் குப்பைச் சீட்டிலும் பின்வாங்காதவன், சீட்டைக் கவிழ்த்தான். அடுத்து என் முறை. என்னிடம் இரண்டு ஏஸ், ராஜாவைவிடப் பெரிய ஜோடி. கவிழ்த்துவிட்டேன்.

"என்னாடி, பயந்துட்டியா?" என்று அம்மா சிரித்தார். அப்பா போனபிறகு அந்தச் சிரிப்பை இன்றுதான் கேட்கிறேன்.

விமலன் என் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தான். மேசைக்கடியில் அவன் காலை ஓங்கி மிதித்தேன்.