ஆடு குறைந்த வருடம்

அன்புள்ள சின்னுவுக்கு,

நானும் அப்பாவும் நலம், நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். உன் இருமல் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று முறையாக விசாரிக்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் மத்தியானத்திலிருந்து சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது, அதனால் இன்று அலுவலகத்தில் உன் அம்மா அடித்த கூத்தை முதலில் கேள்.

எங்கள் கால்நடைத் துறை நாற்பது வருடக் கணக்கைப் புத்தகமாகப் போடுகிறது என்று எழுதியிருந்தேனே, அச்சுக்குப் போகும் முன் கடைசிக் கூட்டம் இன்று. எனக்கு ஓய்வு பெற இருபது நாள்தான் பாக்கி, வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். திரையில் படம் போட்டார்கள். மாட்டுக்கோடு வருடா வருடம் இறங்குகிறது, பால் கோடு மட்டும் ஏறுகிறது, இருக்கிற மாடு முன்னைவிட இரண்டு மடங்கு கறக்கிறதாம். கோழிக்கோடு தலைதெறிக்க மேலே ஓடுகிறது. ஆட்டுக்கோடோ சமர்த்தாகப் போய்க்கொண்டே இருந்து, ஒரு வருடம் தொப்பென்று விழுந்து, மறுவருடமே எழுந்து நிற்கிறது. புதிதாக வந்த ஆராய்ச்சிக்காரப் பெண் அந்தப் பள்ளத்துக்கென்றே ஒரு அத்தியாயம் எழுதியிருந்தாள். தீவனத் தட்டுப்பாடாம், நோயாம், பிறகு மீட்சியாம். அந்த மீட்சிக்காக அப்போதைய இயக்குநர் வாங்கிய கேடயம் இன்னும் எங்கள் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

அவள் படிக்கப் படிக்க எனக்கு உட்கார முடியவில்லை. அந்த வருடம் ஒரு ஆடும் குறையவில்லை, சின்னு. நாட்டிலேயே பெரிய ஆட்டுப் பண்ணைகள் பதினேழும் என் பொறுப்பில் இருந்தன. ஆறாவது பண்ணையில், எண்ணிய ஆட்டின் முதுகில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போகிறேன், நானூற்றுப் பன்னிரண்டில் வலி வந்துவிட்டது. பண்ணைக்காரர் தீவன வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், ஒரு மணி நேரத்தில் நீ வந்துவிட்டாய். என் கணக்கெடுப்புப் படிவத்தை அலுவலகத்தில் கொடுக்கப் போன உன் அப்பா, எண்ணாத பண்ணைகளின் காலிக் கட்டங்கள் பார்க்க நன்றாயில்லை என்று ஒவ்வொன்றிலும் அழகாகப் பூஜ்யம் போட்டுக் கொடுத்திருக்கிறார். நான் விடுப்பு முடிந்து போவதற்குள் அறிக்கை அச்சாகிவிட்டது. வேலை போய்விடுமோ என்று பயந்தேன். மறுவருடம் முழுதாக எண்ணிக் கொடுத்ததும் கேடயம் வேறு வந்துவிட்டது, எந்த முகத்தோடு சொல்வது.

ஆனால் இந்தப் புத்தகத்தை நம்பித்தான் இனித் திட்டம் போடுவார்கள். எழுந்துவிட்டேன். "ஆடு குறையல மேடம், அன்னைக்கு எனக்குப் பொண்ணு பொறந்தா" என்றேன். இயக்குநர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார், பிறகு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அந்தப் பெண்ணுக்குத்தான் முகம் வாடிவிட்டது, பாவம், பத்துப் பக்கம் வீண். மன்னிப்புக் கேட்டேன். அவள் பேனாவைத் திறந்துகொண்டு, குழந்தை எத்தனை கிலோ என்று கேட்டாள். நான் சொன்னதும் அத்தியாயத்தை அடித்துவிட்டு அடிக்குறிப்பு எழுதினாள், இயக்குநரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். உனக்காக அப்படியே எழுதி வந்திருக்கிறேன்: "இவ்வாண்டு வீழ்ச்சி உண்மையன்று. எண்ணிக்கை பாதியில் நின்றது. பெண் குழந்தை, மூன்று கிலோ இருநூறு கிராம், நலம்."

இருபத்தெட்டு வருடமாக அந்தப் பள்ளத்தைப் பார்த்து உள்ளுக்குள் பூரித்தவள் நான் ஒருத்திதான், இனி யார் வேண்டுமானாலும் பூரிக்கலாம். இருவரும் குறையில்லாமல் நன்றாயிருங்கள். கஷாயத்தை மறக்காதே. பூஜ்யம் போட்டது யார் என்று மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டாமாம், அப்பா கெஞ்சுகிறார், அதனால் அவசியம் சொல்லிவிடு.

ஆசிகளுடன்,
உன் அம்மா